படித்தேன் என்று கையொப்பமிடுபவர்கள்

அமெரிக்க நகரொன்றின் சிறிய புத்தகக் கடைக்குள் நுழையும் எவர் கண்ணிலும் இரண்டு காட்சிகள் படாமல் போகா. ஒன்று, அலமாரித் தட்டின் விளிம்பில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு அட்டை. அதில் நாலைந்து வரிகள், பெரும்பாலும் கையெழுத்தில். கீழே கடை ஊழியர் ஒருவரின் பெயர். மற்றொன்று, மாலை வேளையில் புத்தக அடுக்குகளுக்கு இடையே விரிக்கப்படும் மடக்கு நாற்காலிகள். அவற்றின் எதிரே ஒரு மேசை, ஒரு குவளைத் தண்ணீர், தன் நூலிலிருந்து வாசிக்க வந்திருக்கும் ஓர் எழுத்தாளர். இவற்றை விற்பனை உத்திகள் என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடலாம். இவற்றால் விற்பனையும் நடக்கத்தான் செய்கிறது. ஆயினும் இவ்விரண்டும் இலக்கிய விமர்சனத்தின் மிக எளிய, மிக நேர்மையான வடிவங்கள் என்பதும், அந்த நேர்மைக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் எமது துணிபு. அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

பெருநிறுவனத்தின் கிளையாக இல்லாமல், ஒருவரோ ஒரு சிலரோ சொந்தமாக நடத்தும் கடைகளையே இங்கே சுயேச்சைக் கடைகள் என்கிறோம். அங்கே பரிந்துரை அட்டை எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் பார்ப்போம். நூல் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னரே பதிப்பகங்கள் முன்பிரதிகளைக் கடைகளுக்கு அனுப்பிவைக்கின்றன. ஊழியர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பெரும்பாலும் தம் சொந்த நேரத்தில், படிக்கிறார். பத்தில் ஒன்று பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். பிடித்ததைப் பற்றி நாலு வரி எழுதித் தன் பெயரை இடுகிறார். அதன் பின் அந்தப் பெயருக்கு ஒரு சரித்திரம் உண்டாகிறது. அடிக்கடி வரும் வாசகர், இன்னார் பரிந்துரைத்த மூன்று நூல்களும் தனக்குப் பிடித்திருந்தன என்பதையும், வேறொருவர் மெச்சியது தனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் மனத்தில் குறித்துக்கொள்கிறார். ஒத்துவராதவரின் அட்டையும் அவருக்கு உதவுகிறது. எதைத் தவிர்க்கலாம் என்பதை அது சொல்லிவிடுகிறது. பின்னட்டையில் சக எழுத்தாளர்கள் எழுதித்தரும் பாராட்டுரைகளுக்கு இந்தப் பொறுப்பு இல்லை. பாராட்டியவரைத் தேடிச் சென்று, ஏனய்யா இப்படி எழுதினீர் என்று எந்த வாசகரும் கேட்க முடியாது. கடை ஊழியரை அடுத்த சனிக்கிழமையே கேட்டுவிடலாம்.

‘படித்தேன்’ என்று ஒரு கடைக்காரர் சொல்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அச்சொல்லின் கனத்தை உணர்த்த ஒரு நீதிமன்ற வழக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில் 1953ல் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் பீட்டர் மார்ட்டினும் சேர்ந்து தொடங்கிய கடை சிட்டி லைட்ஸ். மலிவு விலைத் தாளட்டை நூல்களை மட்டுமே விற்கும் கடையாக அது பிறந்தது. 1955ல் அங்கிருந்தே ஃபெர்லிங்கெட்டி கவிதை நூல் வரிசை ஒன்றையும் வெளியிடத் தொடங்கினார். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள், முன்பு கார் பழுதுபார்க்கும் கொட்டகையாக இருந்து பிறகு ஓவியக்கூடமாகிய சிக்ஸ் கேலரியில், கவிஞர்கள் சிலர் தம் கவிதைகளை வாசித்தார்கள். ஆலன் கின்ஸ்பெர்க் தன் ‘ஹௌல்’ கவிதையை அங்கே வாசித்தபோது கூட்டத்தில் ஃபெர்லிங்கெட்டியும் இருந்தார். கையெழுத்துப் பிரதி எப்போது கிடைக்கும் என்று கேட்டுக் கவிஞருக்குத் தந்தி கொடுத்தார். 1956ல் அது நூலாகியது. காதால் கேட்ட ஒரு கவிதையை நம்பிப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் எடுத்த முடிவு அது.

1957ல் இங்கிலாந்திலிருந்து அச்சாகி வந்த 520 பிரதிகளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. சில வாரங்களில் அவை விடுவிக்கப்பட்டன. பிறகு ஜூன் மாதத்தில், சாதாரண உடையில் வந்த காவலர்கள் கடையில் அந்நூலை விலை கொடுத்து வாங்கி, ஆபாச நூலை விற்ற குற்றத்துக்காக விற்பனையாளரைக் கைது செய்தார்கள். அவர் பெயர் ஷிகெயோஷி முராவ். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக முகாமில் அடைக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பதிப்பாளர் என்ற முறையில் ஃபெர்லிங்கெட்டி மீதும் வழக்கு. அக்டோபரில் நீதிபதி கிளேட்டன் ஹார்ன், அக்கவிதை ஆபாசமன்று என்று தீர்ப்பளித்தார். இவ்வளவும் பலர் அறிந்த வரலாறு. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. முராவ் மீதான குற்றச்சாட்டு தீர்ப்புக்கு முன்னரே விழுந்துவிட்டது. காரணம், அவர் அந்நூலைப் படித்திருந்தார் என்பதை அரசுத் தரப்பால் நிரூபிக்க முடியவில்லை.

இதைச் சற்றே நின்று யோசிக்க வேண்டும். புத்தகக் கடையில் வேலை செய்பவர் தாம் விற்கும் நூலைப் படித்திருக்க வேண்டியதில்லை என்பது சட்டத்தின் சாதாரண அனுமானம். அரிசிக் கடைக்காரரிடமும் ஆணிக் கடைக்காரரிடமும் யாரும் அதற்குமேல் எதிர்பார்ப்பதில்லை. படிக்காதிருத்தலே முராவுக்குக் காப்பாக அமைந்தது. பரிந்துரை அட்டை எழுதும் ஊழியர் அந்தக் காப்பைத் தாமாகவே கழற்றி வைத்துவிடுகிறார். ‘நான் படித்தேன், இதற்கு நான் பொறுப்பு’ என்று பெயரிட்டுச் சொல்கிறார். நூல்களைத் தடை செய்யவும் நூலகங்களிலிருந்து அகற்றவும் கூச்சல் எழும் இக்காலத்தில் அச்சொல் வெறும் விளம்பர வாசகமாகிவிட முடியாது.

இனி, இந்தச் சொல் விலைக்கு வாங்கப்பட்ட கதைக்கு வருவோம். 1990களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல கிளைகள் கொண்ட பெருங்கடைகள் வளர்ந்தன. அங்கே வாசலருகே மேசையில் அடுக்கப்பட்டிருந்த நூல்களைக் கடைக்காரர் தேர்ந்தெடுத்தவை என்றே வாசகர்கள் நம்பினார்கள். உண்மையில் அவ்விடங்களில் பல, பதிப்பகங்கள் பணம் கட்டிப் பெற்றவை. முகப்பு மேசைக்கும் சன்னலுக்கும் தனித்தனி விலை இருந்தது. பணம் கொடுக்க வசதியுள்ள பதிப்பகத்தின் நூல் கண்ணில் பட்டது; மற்றவை சுவரோரம் முதுகு காட்டி நின்றன. இணையக் கடைகளும் வெகு விரைவில் இதே தடத்தில் நடந்தன. அமேசான் தன் தொடக்க ஆண்டுகளில் மதிப்புரை எழுதவென்றே ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. பின்னர் அந்த இடத்தைக் கணினி நிரல் எடுத்துக்கொண்டது. ‘இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்’ என்ற கணக்கில் தவறேதும் இல்லை. ஆனால் வாங்கியவர் படித்தாரா, படித்தபின் வருந்தினாரா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இந்தக் காலகட்டத்தில் சுயேச்சைக் கடைகள் அழிந்துவிடும் என்றே எல்லோரும் எழுதினார்கள். 1995க்கும் 2000க்கும் இடையே அமெரிக்காவில் அவற்றின் எண்ணிக்கை 43 சதவீதம் வீழ்ந்தது. பிறகு எதிர்பாராத திருப்பம் வந்தது. அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் கணக்கில் 2009ல் 1,651 ஆக இருந்த கடைகள் 2015ல் 2,227 ஆயின. இடையில், 2011ல், பெருங்கடைகளுள் ஒன்றாகிய பார்டர்ஸ் முற்றாக மூடப்பட்டுவிட்டது. இந்த மீட்சியை ஆராய்ந்த ஹார்வர்ட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ரயன் ரஃபேல்லி மூன்று காரணங்களைச் சொல்கிறார்: வட்டாரச் சமூகத்துடன் உறவு, தேர்ந்த நூல்களைத் தொகுத்து வைத்தல், மக்களைக் கூட்டுதல். எளிய தமிழில் சொன்னால் அக்கம்பக்கம், அட்டை, நாற்காலி.

இதைவிட வலுவான சான்று எதிரணியிலிருந்தே கிடைத்தது. 2011ல் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் கடைகள் நலிந்து கைமாறியபோது, லண்டனில் 1990ல் தன் பெயரில் சிறு புத்தகக் கடை தொடங்கி நடத்திவந்த ஜேம்ஸ் டான்ட் பொறுப்பேற்றார். பதிப்பகங்கள் இடத்துக்காகக் கொடுத்துவந்த பணத்தை வேண்டாமென்று மறுத்தது அவருடைய முக்கியமான முடிவுகளில் ஒன்று. எந்த நூலை முன்வைப்பது என்பதை அந்தந்தக் கிளையின் ஊழியரே தீர்மானிக்கட்டும் என்றார். சில ஆண்டுகளில் நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது. 2019ல் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனத்துக்கும் அவரே தலைவராகி அதே வழியைக் கைக்கொண்டார். சிறு கடைகளை விழுங்க வந்த பெருங்கடை, பிழைப்பதற்காகச் சிறு கடையின் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. ஊழியரின் விருப்பத்தை விலைக்கு விற்காமலிருப்பது வியாபாரத்துக்கும் நல்லது என்பதற்கு இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்?

எழுத்தாளர் வாசிப்புக்கு வருவோம். இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. எழுத்தாளன் எழுதுவதற்கு உரியவன், மேடையேறி நடிப்பதற்கு உரியவன் அல்லன் என்பது எங்களில் ஒரு சாராரின் கட்சி. நன்றாக எழுதித் தடுமாறிப் பேசுபவர்களும், சுமாராக எழுதிச் சபையை மயக்குபவர்களும் உண்டென்பது உண்மையே. ஆனால் புத்தகக் கடையின் வாசிப்பு சபையை மயக்கும் அளவுக்குப் பெரியதன்று. பிரபலங்களை விலக்கிவிட்டுப் பார்த்தால், பதினைந்து பேர் வந்தாலே நல்ல கூட்டம். எழுத்தாளர் அரைமணி நேரம் வாசிக்கிறார். எஞ்சிய நேரம் கேள்விகள். எந்த இடத்தில் அவர் மூச்சு வாங்குகிறார், எந்த வாக்கியத்தை வேகமாகக் கடக்கிறார் என்பதைக் கேட்டவருக்கு அந்நூல் வேறு விதமாகத் திறந்துகொள்கிறது. எழுத்தாளரை அறிமுகப்படுத்துபவர் பெரும்பாலும் கடையைச் சேர்ந்தவரே. நூலைப் படித்துவிட்டுப் பேசுகிறார். அவையோர் முன் படித்துக் காட்டி, அவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை சொல்லி நூலை நிலைநிறுத்தும் அரங்கேற்ற மரபைக் கொண்ட நமக்கு இது விளங்காத விஷயமன்று.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு வந்து அமர்ந்து, கேட்டு, கேள்வியும் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் நாலு டாலர் குறைவாக அதே நூலை வாங்குபவர்கள் பெருகினார்கள். அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வெறுங்கையுடன் போகிறவர்களும் இவ்வகையினரே. இதைத் தாங்க முடியாமல் 2011 வாக்கில் அமெரிக்கக் கடைகள் சில வாசிப்புகளுக்குக் கட்டணம் வைத்தன. மென்லோ பார்க்கில் உள்ள கெப்லர்ஸ் அவற்றுள் ஒன்று. 1955ல் தொடங்கப்பட்ட அந்தக் கடை 2005 ஆகஸ்டில் மூடப்பட்டு, ஊரார் கூடி முதலீடு செய்ததால் அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டணத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. இலக்கியத்தை ஏழைகளிடமிருந்து பறிக்கிறார்கள் என்றார்கள். இந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. பணமில்லாத மாணவர் வெளியே நிற்கக் கூடாது. ஆனால் எதிர்த்தவர்களில் எத்தனை பேர் உண்மையாகவே பணமில்லாதவர்கள் என்ற கேள்வியும் உண்டு. நுழைவுக் கட்டணத்தை நூலின் விலையில் கழித்துக்கொள்வது, மாணவருக்கு விலக்களிப்பது போன்ற வழிகள் இருக்கும்போது, இலவசம்தான் இலக்கியத்துக்குச் செய்யும் மரியாதை என்ற வாதத்தை நாங்கள் ஏற்கவில்லை.

ஏனெனில் அந்த இலவசத்தின் செலவு கடைசியில் ஊழியரின் தலையில் விழுகிறது. டான்ட் வழியைப் புகழ்ந்த நாம் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2019ல் வாட்டர்ஸ்டோன்ஸ் ஊழியர்கள், வாழ்வதற்குப் போதுமான ஊதியம் வேண்டும் என்று மனு அளித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் அவர்களுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் இன்னும் அந்நிலைக்கு வரவில்லை என்பது டான்டின் பதில். சுயேச்சைக் கடைகளும் இதில் விலக்கல்ல. போர்ட்லண்டின் பவல்ஸ் கடை ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்து 2000ல் தம் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். சியாட்டிலின் எலியட் பே கடை ஊழியர்கள் 2020ல் சங்கம் அமைத்தார்கள். எந்த நூலை முன்வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஊழியருக்கு வேண்டும். அந்தத் தீர்மானத்தை அடையச் செலவிடும் இரவுகளுக்கு ஊதியமும் வேண்டும். ‘புத்தகங்களை நேசிப்பவர், ஆகவே குறைந்த சம்பளம் போதும்’ என்ற நினைப்பு எல்லா நாடுகளிலும் பரவிக் கிடக்கிறது. தமிழ்ச் சிற்றிதழ் உலகில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நல்ல ஊழியர் ஒருவர் நிலைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சிட்டி லைட்ஸே எடுத்துக்காட்டு. பால் யமாசாகி 1970ல் அங்கே வேலைக்குச் சேர்ந்து, பின்னர் கடைக்கு நூல்களைத் தேர்ந்து வாங்கும் பொறுப்புக்கு வந்தார். அரை நூற்றாண்டு கடந்தபின், 2023ல், அமெரிக்க இலக்கியச் சமூகத்துக்கு ஆற்றிய பணிக்காகத் தேசிய நூல் அறக்கட்டளை அவருக்கு விருது வழங்கியது. நாவல் எழுதியதற்காக அல்ல, படித்துத் தேர்ந்தெடுத்ததற்காக. 2020ல் பெருந்தொற்றால் கடை மூடிக் கிடந்தபோது, காப்பாற்றுங்கள் என்று அவர்கள் 3 லட்சம் டாலர் கேட்டார்கள். சில நாட்களிலேயே அந்த இலக்கு கடந்துவிட்டது. ஃபெர்லிங்கெட்டி அடுத்த ஆண்டு தம் 101ஆம் வயதில் மறைந்தார், கடை இருக்கிறது. கடைக்கு அது தந்தவற்றின் விலையை வாசகர்கள் ஒருமுறையேனும் கணக்குப் பார்த்துக் கட்டினார்கள் என்றே நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம். ஆனால் ஆபத்துக் காலத்து நன்கொடையை நம்பி எந்தக் கடையும் நடக்க முடியாது. வாரந்தோறும் வாங்கும் ஒரு நூலே அதை நடத்துகிறது.

இவ்வளவையும் தமிழில் எழுதுவதன் காரணத்தைச் சொல்லி முடிக்கலாம். பரிந்துரைக்கும் மரபு நமக்குப் புதியதன்று. ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பிலேயே க.நா.சு. ஒரு நூல் எழுதினார். அவருடைய பட்டியல்களை எதிர்த்துச் சண்டையிட்டவர்களும் அவற்றை வைத்துக்கொண்டே நூல்களைத் தேடினார்கள். சுஜாதா தன் பத்தியில் குறிப்பிட்ட கவிஞரைத் தேடி வாசகர் கடிதங்கள் போயின. நம்மிடம் பரிந்துரைத்தவர்கள் எழுத்தாளர்கள், கடைக்காரர்கள் அல்லர். 1977ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சியில் பெரும்பாலும் பதிப்பகம்தோறும் ஓர் அரங்கு. அங்கே நிற்பவர் தம் பதிப்பக நூலைத்தான் எடுத்துக் கொடுப்பார். அதில் குறை காண முடியாது. ஆனால் நாலு பதிப்பகத்து நூல்களையும் படித்துவிட்டு, நடுவில் நின்று, இதை விட்டு அதை வாங்குங்கள் என்று சொல்பவர் அங்கே அரிது. வெளியீட்டு விழாக்களிலோ பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு, ஏற்புரை உண்டு. பல விழாக்களில் நூலிலிருந்து ஒரு பக்கம்கூட வாசிக்கப்படுவதில்லை.

இதை மாற்றப் பெருமுதல் தேவையில்லை. தமிழ் நூல்கள் விற்கும் கடை எந்த ஊரில் இருந்தாலும் பத்து அட்டைகளும் ஒரு பேனாவும் அங்கே கிடைக்கும். தேவைப்படுவது, கடையில் நிற்கும் இளைஞருக்கோ பெண்ணுக்கோ படிக்க நேரமும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையும், அடுத்த ஆண்டும் அதே வேலையில் இருக்கத் தூண்டும் சம்பளமும்தான். முதல் இரண்டை முதலாளி கொடுக்கலாம். மூன்றாவதை அவர் கொடுக்க வேண்டுமானால் நாம் வாங்க வேண்டும். கண்காட்சியின் பத்து சதவீதத் தள்ளுபடிக்காக ஆண்டு முழுதும் காத்திருக்கும் வழக்கத்தை வாசகர்களாகிய நாம் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, ‘புதிதாக என்ன வந்திருக்கிறது’ என்று கேட்பதை விடுத்து, ‘நீங்கள் அண்மையில் என்ன படித்தீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள் நண்பர்களே. முதல் முறை கேட்கப்படுபவர் திகைக்கக்கூடும். நாலாம் முறை அவரிடம் பதில் இருக்கும். அந்தப் பதில் ஒரு நூலைச் சொன்னால், அதை அவரிடமே வாங்கிவிட்டு வாருங்கள்.